புதிய தீர்ப்புகளையும் சட்ட ஆய்வுகளையும் தொடர்ந்து படிப்பது எப்படி: வேலூரிலிருந்து ஒரு விரிவான பதில்

சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் சீனியர் ஒருவரிடம் ஜூனியராக இருக்கும் இளம் வழக்கறிஞர் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது: வாட்ஸ்அப் குழுக்களில் நாள்தோறும் தீர்ப்புகள் வந்து குவிகின்றன; எதையும் முழுதாகப் படிக்க நேரம் கிடைப்பதில்லை; சந்தா கட்டிப் பார்க்கும் தரவுத்தளங்களுக்கு வருமானம் இடம் கொடுப்பதில்லை; வாதத்தின்போது எதிர்த்தரப்பு புதிய சைட்டேஷன் (மேற்கோள் தீர்ப்பு) ஒன்றை எடுத்து நீட்டினால் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நிற்க வேண்டியிருக்கிறது. அண்மைத் தீர்ப்புகளைப் பின்தொடர்வது எப்படி, மாவட்ட நீதிமன்றத்தில் தொழில் செய்பவருக்குச் சட்ட ஆய்வுக் கட்டுரைகளால் பயன் உண்டா என்பவை அவருடைய இரண்டு கேள்விகள்.

அன்றன்று வெளியாகும் தீர்ப்புகளைப் படித்துத் தீர்க்க முயல வேண்டாம் என்பதே முதலில் நான் சொல்ல விரும்புவது. உச்ச நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் ஒரு வாரத்தில் தருவதைக்கூட ஒருவரால் படித்து முடிக்க முடியாது. முடிந்தாலும் அடுத்த மாதம் அதில் பெரும்பகுதி நினைவில் இருக்காது. உங்கள் அலுவலகத்துக்கு வரும் வழக்குக் கட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். காசோலை வழக்கு, விபத்து இழப்பீடு, பாகப்பிரிவினை, நிரந்தர உறுத்துக் கட்டளை (தடையாணை), ஜாமீன், ஜீவனாம்சம் என்று திரும்பத் திரும்ப வருபவை சில வகைகள்தாம்; அவற்றில் எழும் சட்டக் கேள்விகளையும் எண்ணிவிட முடியும். அந்தக் கேள்வி ஒவ்வொன்றுக்கும் இன்றைக்குச் செல்லுபடியாகும் விடை எது, அது எந்தத் தீர்ப்பில் எந்தப் பத்தியில் இருக்கிறது, அந்தத் தீர்ப்பை வழங்கிய அமர்வில் நீதிபதிகள் எத்தனை பேர், அதற்குப் பிறகு அந்தத் தீர்ப்புக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கைவசம் வைத்திருப்பதைத்தான் நான் தொடர்ந்து படிப்பது என்று கருதுகிறேன். புதிதாக வரும் தீர்ப்பு இவற்றில் ஏதாவது ஒரு விடையை மாற்றுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். மாற்றவில்லை என்றால் மனச்சங்கடம் இல்லாமல் அதை ஒதுக்கிவிடலாம்.

வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நம்பி எதிர்வாதம் தயாரிப்பதில் என்ன ஆபத்து என்பதற்கு 2025ஆம் ஆண்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. நம் பகுதியில் கைமாற்றாக ரொக்கம் கொடுத்துவிட்டுப் பாதுகாப்புக்குக் காசோலை வாங்கி வைப்பது மிகச் சாதாரணம். அந்த ஆண்டு ஜூலையில் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர், 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 269எஸ்எஸ் பிரிவை மீறி 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கப்பட்ட கடன், தகுந்த விளக்கம் இல்லாதபோது, சட்டப்படி வசூலிக்கத்தக்க கடனாகாது என்று தீர்ப்பளித்தார். காசோலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு இது எவ்வளவு இனிப்பான தீர்ப்பு என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் செப்டம்பர் 25 அன்று சஞ்சாபிஜ் தாரி எதிர் கிஷோர் போர்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்ட முடிவு சரியல்ல என்று கூறிவிட்டது. 269எஸ்எஸ் மீறலுக்கு 271டி பிரிவின் கீழ் அபராதம் உண்டே தவிர, அந்த மீறலால் கடனே செல்லாததாகிவிடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலை. இடைப்பட்ட இரண்டு மாதங்களில் ஜூலைத் தீர்ப்பை மட்டும் சேமித்து வைத்துக்கொண்டவர், அதன்பின் அதை நீதித்துறை நடுவர் முன் நீட்டினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு: கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு வேலூர் நடுவரைக் கட்டுப்படுத்தாது, அது ஏற்கத்தக்கது என்று எடுத்துச்சொல்ல மட்டுமே பயன்படும். செய்தியைப் பகிர்ந்தவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

அதே செப்டம்பர் தீர்ப்பைத் தலைப்போடு விட்டுவிடாமல் உள்ளே போய்ப் படித்தவருக்கு வேறு சிலவும் கிடைத்திருக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223ஆம் பிரிவு, தனிப்புகாரைக் கோப்பில் ஏற்பதற்கு முன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின் கீழ் வரும் காசோலைப் புகாருக்கும் இது பொருந்துமா என்ற கேள்வி புதிய சட்டம் வந்த நாள் முதல் நீதிமன்றங்களில் இழுபறியாக இருந்தது. பொருந்தாது என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. வழக்கைச் சமரசமாக முடிக்கும்போது கட்ட வேண்டிய தொகை பற்றி 2010இல் தாமோதர் பிரபு வழக்கில் வகுக்கப்பட்ட நெறிகளையும் அது மாற்றியமைக்கிறது. அழைப்பாணை சார்வு செய்யும் (உரியவரிடம் சேர்க்கும்) முறை பற்றியும் கட்டளைகள் இருக்கின்றன. காசோலை வழக்கு நடத்துபவரின் அன்றாட வேலையைத் தொடுபவை இவை அனைத்தும். செய்தித் தலைப்பில் இவற்றில் ஒன்றுக்குத்தான் இடம் கிடைக்கும்.

எனவே ஒரு தீர்ப்பைப் படித்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், அதைத் தீர்ப்பாகவே படியுங்கள். தலைப்புக் குறிப்பு, அதாவது ஹெட்நோட், இதழின் ஆசிரியர் எழுதியது. அதை நீதிபதியின் கூற்றாக மேற்கோள் காட்டக் கூடாது. முதலில் வழக்கின் சங்கதிகளையும் நீதிமன்றம் தானே வகுத்துக்கொண்ட கேள்விகளையும் படித்துவிட்டு, நேரே முடிவுப் பகுதிக்குச் செல்லுங்கள். பிறகு திரும்பி வந்து, அந்தக் கேள்வியிலிருந்து அந்த முடிவுக்கு எந்தக் காரணத்தின் வழியாக நீதிமன்றம் சென்றது என்று தேடுங்கள். அந்தக் காரணம்தான் ரேஷியோ; பிற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவது அதுதான். போகிற போக்கில் சொல்லப்படுபவை எவ்வளவு அழகாக இருந்தாலும் அவற்றுக்கு அந்த வலிமை இல்லை. அமர்வின் அளவையும் தேதியையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இது நடைமுறைச் சடங்கு அல்ல என்பதை விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா அருகே நடந்த விபத்தில் 32 வயதான சுயதொழில் செய்பவர் ஒருவர் இறந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மாத வருமானம் 15,000 ரூபாய் என்று நிரூபிக்கப்படுகிறது; மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பி இருந்தவர்கள். 2017 அக்டோபர் 31 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு வழங்கிய பிரணய் சேத்தி தீர்ப்பின்படி, 40 வயதுக்குட்பட்ட சுயதொழிலருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 விழுக்காடு சேர்க்க வேண்டும். மாத வருமானம் 21,000 ஆகிறது. நான்கு பேர் சார்ந்திருப்பதால் சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கு கழித்தால் 15,750. ஆண்டுக்கு 1,89,000. சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி 31 முதல் 35 வயது வரை பெருக்குக் காரணி 16. ஆகவே வருமான இழப்பு 30,24,000 ரூபாய். இதுவரை பெரும்பாலோர் சரியாகவே போடுகிறார்கள். கவனம் சிதறுவது இதற்கு அடுத்த வரியில்.

வாழ்க்கைத்துணை இழப்புக்கு 40,000, சொத்து இழப்புக்கு 15,000, இறுதிச் சடங்குக்கு 15,000 என்று பிரணய் சேத்தி நிர்ணயித்தது. இந்தத் தொகைகள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 10 விழுக்காடு உயர வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அதன்படி 40,000 என்பது 2020இல் 44,000 ஆகவும் 2023இல் 48,400 ஆகவும், 15,000 என்பது 16,500 ஆகவும் பின்னர் 18,150 ஆகவும் உயர்ந்தன. அடுத்த உயர்வு 2026 அக்டோபரில் வர வேண்டும். 2018இல் மேக்மா ஜெனரல் இன்சூரன்ஸ் எதிர் நானு ராம் வழக்கில், மனைவிக்கு மட்டுமல்லாமல் குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் தனித்தனியே இந்த 40,000 ரூபாய்த் தலைப்பில் இழப்பீடு உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நம் கணக்கில், மனைவிக்கு மட்டும் 40,000, மற்ற இரண்டு தலைப்புகளில் 30,000 என்று பழைய வழக்கப்படி கேட்பவர் 70,000 ரூபாயோடு நிற்கிறார். நால்வருக்கும் 48,400 வீதம் 1,93,600, அத்துடன் 36,300 சேர்த்துக் கேட்பவர் 2,29,900 பெறுகிறார். ஏறத்தாழ 1,60,000 ரூபாய் வேறுபாடு. கணவனை இழந்த ஒரு குடும்பத்துக்கு இது என்ன தொகை என்பதை அந்த மனுவைத் தயாரிப்பவர் உணர வேண்டும். தொடர்ந்து படிப்பதன் அவசியத்தை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் ராஜேஷ் எதிர் ராஜ்பீர் சிங் தீர்ப்பைக் காட்டி, துணை இழப்புக்கு ஒரு லட்சம் கேட்கும் மனுக்கள் ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தன. அதே ஆண்டில் அதற்கு முன்பே, சம அளவுள்ள அமர்வு ஒன்று ரேஷ்மா குமாரி வழக்கில் வழங்கிய தீர்ப்பை ராஜேஷ் அமர்வு கவனிக்கவில்லை. ஆகவே ராஜேஷ் தீர்ப்பு கட்டுப்படுத்தும் முன்தீர்ப்பாகாது என்று பிரணய் சேத்தி தெளிவுபடுத்தியது. சம அளவுள்ள இரண்டு அமர்வுகள் முரண்பட்டால், பிந்தையதே செல்லும் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முந்தையதைப் பின்பற்ற வேண்டும், உடன்பாடு இல்லையென்றால் பெரிய அமர்வுக்கு அனுப்ப வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் வழி. எதிர்த்தரப்பு “இதுதான் லேட்டஸ்ட்” என்று ஒன்றை நீட்டும்போது நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, அமர்வில் எத்தனை பேர், முந்தைய தீர்ப்பு அதில் பரிசீலிக்கப்பட்டிருக்கிறதா என்பதைத்தான். அதற்கு விடை இல்லையென்றால், படித்துப் பதில் சொல்ல ஒரு குறுகிய வாய்தா கேட்பதில் எந்தத் தாழ்வும் இல்லை.

தீர்ப்பு ஒன்று செத்துப்போவதற்கு நீதிமன்றம் மட்டுமே காரணமாக இருக்காது. 2014 ஆகஸ்ட் 1 அன்று தஷ்ரத் ரத்தோட் வழக்கில், காசோலை எந்த வங்கிக் கிளையின் மீது எழுதப்பட்டதோ அந்த ஊர் நீதிமன்றத்தில்தான் வழக்குத் தொடர வேண்டும் என்று மூன்று நீதிபதிகள் அமர்வு கூறியது. நாடெங்கும் புகார்கள் திருப்பி அனுப்பப்பட்டன. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 142ஆம் பிரிவைத் திருத்தி, 2015 ஜூன் 15 முதல், பணம் பெற வேண்டியவர் கணக்கு வைத்திருக்கும் கிளை எங்கே இருக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்துவிட்டது. குடியாத்தம் கிளையில் கணக்கு வைத்து அங்கே காசோலையைச் செலுத்தியவர், அது மும்பைக் கிளையின் காசோலையாக இருந்தாலும், மும்பைக்குப் போக வேண்டியதில்லை. 2014 தீர்ப்பு இன்னும் எல்லாத் தரவுத்தளங்களிலும் இருக்கிறது. தேடினால் முதலில் வந்தும் நிற்கும். சட்டத்தின் இன்றைய வாசகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு மட்டுமே அது பயனிழந்தது என்று தெரியும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த மூன்று குற்றவியல் சட்டங்களுக்குப் பிறகு இந்த எச்சரிக்கை பல மடங்கு தேவைப்படுகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம். புதிய சன்ஹிதாவில் 482 என்பது முன்ஜாமீன். பழைய 482 இப்போது 528. எண்ணை வைத்துத் தேடுபவர் முற்றிலும் வேறு சட்டத்தில் போய் விழுவார். எண் மட்டும் மாறிய பிரிவுகளுக்குப் பழைய தீர்ப்புகள் அப்படியே உதவும். வாசகம் மாறிய பிரிவுகளுக்கு உதவா. முதல் தகவல் அறிக்கையைக் கட்டாயமாகப் பதிவு செய்வது பற்றி 2013இல் லலிதா குமாரி வழக்கில் வகுக்கப்பட்ட நெறி நமக்கெல்லாம் மனப்பாடம். ஆனால் புதிய 173ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, மூன்று ஆண்டுகள் முதல் ஏழு ஆண்டுகளுக்குட்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில் முதனிலை விசாரணைக்கு வழி திறந்திருக்கிறது; அது லலிதா குமாரியிலிருந்து எப்படி விலகுகிறது என்பதை 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. பழைய பிரிவையும் புதிய பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லுக்குச் சொல் ஒப்பிடும் வேலையை யாரிடமும் ஒப்படைக்காமல் நீங்களே ஒருமுறை செய்துவிடுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் பல ஆண்டுகளுக்கு அது உங்களுக்குக் கைகொடுக்கும்.

மேல்முறையீட்டுச் செய்திகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை எதிர்த்த சிறப்பு அனுமதி மனு உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானால், “உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது” என்றே செய்தி வரும். காரணம் கூறாமல் அனுமதியை மட்டும் மறுத்திருந்தால், அது உச்ச நீதிமன்றம் சட்டத்தை அறிவித்ததாகாது. உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்ற அரசியலமைப்பின் 141ஆம் உறுப்பு அங்கே பொருந்தாது. 2000இல் குஞ்ஞயம்மது எதிர் கேரள அரசு வழக்கில் இது தெளிவாக்கப்பட்டது.

சந்தா கட்ட இயலாதது இன்றைக்குப் பெரிய தடை அல்ல. தீர்ப்பின் வாசகம் பொதுச் சொத்து. பதிப்பாளரின் குறிப்புகளுக்கும் அமைப்புக்கும்தான் பதிப்புரிமை உண்டு என்பதை 2007 டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் மோடக் வழக்கில் உச்ச நீதிமன்றமே தெளிவுபடுத்தியிருக்கிறது. 2023 ஜனவரியில் தொடங்கப்பட்ட இ-எஸ்.சி.ஆர். தளத்தில், 1950 முதல் அதிகாரப்பூர்வ அறிக்கைத் தொகுதிகளில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை இலவசமாகப் படிக்கலாம். இ-கோர்ட்ஸ் தீர்ப்புத் தளத்தில் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைச் சொல் கொண்டு தேடலாம். இந்தியன் கானூன் என்ற தேடுதளம் உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமாயிருக்கும்; அதில் ஒரு தீர்ப்பைத் திறந்தால், பின்னால் வந்த எந்தெந்தத் தீர்ப்புகள் அதை மேற்கோள் காட்டியிருக்கின்றன என்ற பட்டியலும் கிடைக்கும். ஒரு தீர்ப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அந்தப் பட்டியலைப் பிந்தையதிலிருந்து முந்தையதாகப் பார்த்து வாருங்கள். உச்ச நீதிமன்றம் 2023 முதல் ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஐ.என்.எஸ்.சி. என்ற பொது மேற்கோள் எண் தருகிறது. எந்த இதழின் சந்தாவும் இல்லாதவர் அந்த எண்ணோடு மனுவில் குறிப்பிடலாம்.

இவற்றுள் மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞருக்கு மிகவும் ஏற்றது என்று நான் கருதுவது, தமிழ்நாடு மாநில நீதித்துறைப் பயிற்சியகம் வெளியிடும் முக்கியத் தீர்ப்புகளின் தொகுப்பு. உச்ச நீதிமன்றம், சென்னை உயர் நீதிமன்றம் என்றும் உரிமையியல், குற்றவியல் என்றும் பிரித்துச் சுருக்கம் தருகிறது. இது முதன்மையாக நீதிபதிகளுக்காகத் தயாராவது. உங்கள் முன் அமர்ந்திருக்கும் நீதிபதி படிப்பதை நீங்களும் படித்திருப்பது நல்லதுதானே. சனிக்கிழமை பிற்பகலில் அந்தத் தொகுப்பையும் உச்ச நீதிமன்றத் தளத்தில் ரிப்போர்ட்டபிள் (அறிக்கைத் தொகுதியில் வெளியிடத்தக்கது) என்று குறிக்கப்பட்ட அந்த வாரத் தீர்ப்புகளின் பட்டியலையும் பார்த்து, உங்கள் கேள்விகளைத் தொடும் ஒன்றையோ இரண்டையோ முழுதாகப் படித்தால் போதும். குறிப்பேட்டில் ஒரு கேள்விக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கி, புதிய தீர்ப்பு வரும்போது அந்தப் பக்கத்தில் சேருங்கள். பழையதை அடித்துவிடாமல், எப்போது, எதனால் மாறியது என்று எழுதுங்கள். இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9க்கு முன் தந்தை இறந்துவிட்டால் மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை உண்டா என்ற ஒரே கேள்வியின் பக்கத்தில், 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தம், 2015இல் பூலாவதி, 2018இல் தனம்மா, 2020 ஆகஸ்ட் 11இல் வினீதா சர்மா தீர்ப்புகள் என்று வரிசையாக இருந்தால், எந்தப் பாகப்பிரிவினை வழக்கிலும் நீங்கள் தடுமாற வேண்டியிருக்காது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் தீர்ப்புக் கேட்பது ஜூனியர்களிடையே பரவி வருகிறது. இல்லாத தீர்ப்புகளை உண்மை போலத் தோன்றும் எண்களோடு அவை உருவாக்கித் தந்திருக்கின்றன. 2023இல் நியூயார்க்கில் அப்படிப்பட்ட தீர்ப்புகளைத் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம், மாவட்ட நீதித்துறையில் இக்கருவிகளைப் பயன்படுத்துவதற்கு நெறிமுறை வெளியிட்டது. தேடலுக்கு ஒரு தொடக்கமாக அதை வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அதிகாரப்பூர்வத் தளத்தில் உங்கள் கண்ணால் பார்க்காத எந்தத் தீர்ப்பையும் நீதிமன்றத்தில் சொல்லக் கூடாது.

ஆய்வுக் கட்டுரைகளைப் பற்றிய உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். அன்றாட வாய்தாவுக்கு அவை உதவா என்பது உண்மை. ஆனால் சட்டம் முடிவாகாத இடங்களில், உயர் நீதிமன்றங்கள் முரண்பட்டு நிற்கும் இடங்களில், நல்ல கட்டுரை ஒன்று உங்களுக்காகப் பல வாரத் தேடலை முடித்து வைத்திருக்கும். நம் மண்ணின் பெயர் தாங்கிய தீர்ப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர் குடிமக்கள் நலமன்றம் எதிர் இந்திய ஒன்றியம் என்ற 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் தீர்ப்பு இல்லாமல் இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டப் பாடம் இல்லை. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றையும் விளைநிலங்களையும் கெடுத்ததை எதிர்த்து வந்த வழக்கு அது. ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழ்பட்டதாகத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டறிந்ததை அந்தத் தீர்ப்பே பதிவு செய்கிறது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் கூறப்பட்டது. மேற்கோள் காட்டுபவர் பலர், முழுதாகப் படித்தவர் சிலர் என்று சொல்லத்தக்க தீர்ப்பு.

அதை மட்டும் படித்தால், கோட்பாடு அறிவிக்கப்பட்டது என்பதோடு கதை முடிந்துவிடும். அதன் பின்வரலாற்றைத் தொடர்ந்தால்தான் இன்றைய சட்டம் புலப்படும். தீங்கு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவர் மேல் என்பதை 1999இல் ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எதிர் நாயுடு வழக்கில் நீதிமன்றம் விரித்துரைத்தது. 2010ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் இந்தக் கோட்பாடுகள் சட்ட வாசகமாகவே ஆயின. அப்படியானால் பாலாற்றங்கரை மக்களுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு விடை தேடினால், 2025 ஜனவரி 30ஆம் நாள் தீர்ப்புக்கு, அதாவது 2025 ஐ.என்.எஸ்.சி. 131க்கு வந்து சேர்வீர்கள். வாணியம்பாடியும் ஆம்பூரும் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும், ராணிப்பேட்டை தனி மாவட்டமாகவும் 2019இல் பிரிந்துபோன பிறகும், 2001, 2009 ஆண்டுகளில் தீர்மானிக்கப்பட்ட இழப்பீடு கிடைக்காமல் விடுபட்டவர்களுக்கு அரசு அதைக் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட வேண்டியிருந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும், கட்டளைகள் நிறைவேறுவதைத் தானே தொடர்ந்து கண்காணிக்கவும் அது முடிவு செய்தது.

1996க்கும் 2025க்கும் இடைப்பட்ட இந்தத் தூரத்தைப் பற்றிக் கேள்வி எழுப்புவதுதான் ஆய்வுக் கட்டுரையின் வேலை. பன்னாட்டுச் சட்டத்திலிருந்து இந்தக் கோட்பாடுகளைப் போதிய ஆய்வின்றி நீதிமன்றம் எடுத்துக்கொண்டது என்ற விமர்சனமும், கோட்பாடு வேரூன்றிய அளவுக்கு நிவாரணம் மக்களிடம் போய்ச் சேரவில்லை என்ற விமர்சனமும் கல்வியாளர்களிடமிருந்து வந்தவை. நாளை ஆலைக்கழிவால் கிணறு கெட்ட ஒரு விவசாயி உங்களிடம் வந்தால், கோட்பாட்டை மேற்கோள் காட்டுவதோடு நிற்காமல், இழப்பைக் கணக்கிடும் முறை, தொகையை வசூலிக்கும் வழி, நிறைவேற்றத்தைக் கண்காணிக்கும் ஏற்பாடு ஆகியவற்றையும் மனுவிலேயே கேட்க வேண்டும் என்ற அறிவு அந்த விமர்சனங்களைப் படித்தவருக்குத்தான் வரும்.

எங்கே தொடங்குவது என்றால், இந்தியச் சட்டக் கழகம் வெளியிடும் ஆண்டு ஆய்வுத் தொகுதியில் தொடங்குங்கள். ஒவ்வொரு சட்டத்துறைக்கும் ஓர் அத்தியாயம். அந்த ஆண்டின் முக்கியத் தீர்ப்புகளைத் துறை அறிந்தவர் ஒருவர் கோவையாக விமர்சித்திருப்பார். வேலூர் அரசு சட்டக் கல்லூரியில் உங்களுக்குத் தெரிந்த ஆசிரியர் இருந்தால், நூலகத்தில் எந்தத் தொகுதிகள் இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி, கொல்கத்தா தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் இதழ்களில் வந்த கட்டுரைகள் இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற இணையத் தொகுப்பில் இருக்கின்றன. அவற்றின் தரம் ஏற்ற இறக்கமானது, ஆகவே வாதத்தைவிட அவை தொகுத்துள்ள தீர்ப்புகளுக்காகவே அவற்றைப் பாருங்கள். சட்ட ஆணையத்தின் அறிக்கைகளை வழக்கறிஞர்கள் ஏனோ கண்டுகொள்வதில்லை. ஒரு பிரிவு ஏன் அப்படி எழுதப்பட்டது, அதில் என்ன குறை கண்டார்கள் என்பதை அவ்வளவு தெளிவாக வேறெங்கும் காண்பது அரிது.

கட்டுரையைப் படிக்கும்போது அடிக்குறிப்புகளை விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு வேண்டிய தீர்ப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கட்டுரையாளர் ஒரு தீர்ப்பைத் தவறு என்று சொன்னால், அவர் சொல்வதை ஏற்பதற்கு முன் அந்தத் தீர்ப்பைத் திறந்து குறிப்பிட்ட பத்தியைப் பாருங்கள். மாதத்துக்கு ஒரு கட்டுரை, அதுவும் உங்கள் கையில் இருக்கும் வழக்கு எதையாவது தொடும் கட்டுரை என்று வைத்துக்கொண்டால் போதுமானது. உங்கள் வளாகத்திலேயே உங்களைப் போன்ற ஜூனியர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து, ஒருவர் காசோலை வழக்கு, ஒருவர் விபத்து இழப்பீடு, ஒருவர் குடும்பச் சொத்து, ஒருவர் ஜாமீன் என்று பிரித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை நீதிமன்ற வேலை முடிந்த பின் தத்தம் குறிப்பேட்டில் மாறியவற்றை மற்றவர்களுக்குச் சொல்வது என்று ஏற்பாடு செய்துகொண்டால், தனியாளாகச் சுமக்க முடியாத வேலை எளிதாகிவிடும். அந்தக் கூட்டத்துக்கு வருபவர் தீர்ப்பை முழுதாகப் படித்துவிட்டே வர வேண்டும் என்ற ஒரு விதியை மட்டும் முதல் நாளே வைத்துக்கொள்ளுங்கள்.